ஸ்குவையரா, ஃபெண்டரா: 85,000 ரூபாயைக் கொடுப்பதற்கு முன்னால்

கேள்வி: அண்ணா, தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். வயது 26. நான்கு வருஷமாக எங்கள் கோயில் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். கையில் இருப்பது ஸ்குவையர் அஃபினிட்டி ஸ்ட்ராட்டோகாஸ்டர். மூன்று குறைகள். இரண்டு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. மூன்றாவது கம்பி ஏழாவது ஃபிரெட்டில் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கிர்ரென்கிறது. திருப்பலியில் வாசிக்கும்போது ஒலியில் உயிரே இல்லை. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கிடையாது, நேராக மிக்ஸரில்தான் சொருகுவேன். இரண்டு வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 85,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஸ்குவையர் கிளாசிக் வைப் 50,000-க்குள் வரும், ஃபெண்டர் பிளேயர் 2 வாங்க இன்னும் கொஞ்சம் போட வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். "தலையில் ஸ்குவையர் என்று இருந்தால் அது நகல்தான், வாங்கினால் ஃபெண்டர் வாங்கு" என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, கடைக்குப் போவதற்கு முன்னால் எழுதினீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம். புதுக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு "இதிலும் அதே பிரச்சினைதான் அண்ணா" என்று என் பட்டறைக்கு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். இரண்டு வருஷச் சேமிப்பு சின்ன விஷயமில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: நேராக மிக்ஸரில் சொருகுவேன் என்று. என் கண் அங்கேதான் நின்றது. எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியில் பாதி ஆம்பில் இருக்கிறது. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் கூரான ஒலியைப் பெரும்பாலும் வெளியே விடாது. நம் காதுக்குப் பழகிய கிட்டார் ஒலி அந்த வடிகட்டலுக்குப் பிறகு வருவதுதான். கோயிலில் இருக்கும் ஸ்பீக்கர் பேச்சுக்கும் பாட்டுக்கும் செய்தது; வருவதையெல்லாம் அப்படியே கொட்டிவிடும். அதோடு, ஸ்ட்ராட்டின், அதாவது ஸ்ட்ராட்டோகாஸ்டரின், பிக்கப் (கம்பிகளின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) தன் முழு ஒலியையும் கொடுக்க எதிரே இன்புட்டின் மின்தடை 10 லட்சம் ஓம் அளவுக்கு இருக்க வேண்டும். மிக்ஸரின் சாதாரண லைன் இன்புட் 10,000 ஓம் பக்கத்தில்தான் இருக்கும். பிக்கப்பால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. ஒலி மெலிந்து, மேல் சுரங்களின் மினுமினுப்பு செத்துப்போகும். அமெரிக்காவில் செய்த ஃபெண்டரைக் கொண்டுவந்து அதே மிக்ஸரில் சொருகினாலும் இதே கதிதான்.

ஆகவே மூன்றாவது குறைக்கு உங்கள் கிட்டார் பொறுப்பில்லை. ஆம்ப், கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) இரண்டின் ஒலியையும் பாவனை செய்கிற ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் போதும். சின்னது ஒன்று உங்கள் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் கிடைக்கும். பெடலிலிருந்து மிக்ஸருக்குப் போங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே வித்தியாசத்தைக் கேட்பீர்கள்.

சரி, சுருதிக்கு வருவோம். இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்றாவது கம்பியைச் சரியாகச் சுருதி சேர்த்து, ஒரு முழு சுரம் ஏறும்படி பக்கவாட்டில் தள்ளி (அதைத்தான் பெண்ட் என்கிறோம்) விடுங்கள். சுருதி இறங்கியிருக்கிறதா? இப்போது நட்டுக்கு (விரல் பலகையின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட சிறு துண்டு) பின்னால், அதாவது நட்டுக்கும் ட்யூனருக்கும் (கம்பியை முறுக்கும் முளை) நடுவில் இருக்கும் கம்பித் துண்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கு ஏறினால் ட்யூனர் மேல் பழி போடாதீர்கள். கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது. பெண்ட் செய்யும்போது கம்பி பள்ளத்தின் வழியாக முன்னால் இழுபடுகிறது, விட்டதும் திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொள்கிறது. ட்யூன் செய்யும்போது நட்டிலிருந்து "டிங்" என்று ஒரு சத்தம் வந்தால் அதுவும் இதே நோயின் அறிகுறி. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தால் கிராஃபைட் கொஞ்ச நாளைக்கு வழுக்கிக் கொடுக்கும். பள்ளத்தைச் சரியான அகலத்துக்கு அரத்தால் திருத்துவதுதான் நிரந்தர வைத்தியம். எனக்கு அது அரை மணி நேர வேலை.

ட்ரெமோலோ கையை (பிரிட்ஜை, அதாவது கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாகத்தை, அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் தண்டு) நீங்கள் பயன்படுத்துகிறீர்களா? பாடகர் குழுவில் அதற்கு அவ்வளவாக வேலை இருக்காது என்று நினைக்கிறேன். பயன்படுத்தவில்லை என்றால், பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும்வரை இறுக்கிவிடலாம். மிதக்கிற பிரிட்ஜில் ஒரு கம்பியைப் பெண்ட் செய்தால் மற்ற ஐந்தும் இறங்கும். உட்கார்ந்த பிரிட்ஜில் அந்தத் தொல்லை இல்லை.

ஏழாவது ஃபிரெட் கிர்ரென்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஆறாவது கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்தி, எட்டாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். இந்த நெக்குக்கு (கிட்டாரின் கழுத்துக்கு) ஃபெண்டர் சொல்கிற அளவு சுமார் 0.25 மில்லிமீட்டர். ஒன்பது கேஜ் செட்டில் வரும் மெல்லிய முதல் கம்பியின் தடிமனும் கிட்டத்தட்ட அதுதான். பழைய கம்பி ஒரு துண்டை இடையில் நுழைத்துப் பாருங்கள். துளிகூட நுழையவில்லை என்றால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது, நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று தளர்த்தினால் தீரும். நுழைந்தும் அந்த ஒரே இடத்தில் மட்டும் கிர்ரென்றால் எட்டாவது ஃபிரெட் பக்கத்து ஃபிரெட்களைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது.

விலை குறைந்த கிட்டாருக்கும் கூடியதற்கும் இருக்கும் உண்மையான வித்தியாசம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 21 ஃபிரெட்களையும் ஒரே மட்டத்துக்குத் தேய்த்து, ஒவ்வொன்றின் தலையையும் மறுபடி உருட்டி, ஓரங்களைக் கையில் குத்தாதபடி அராவி, மெருகேற்ற வேண்டும். பொறுமையாகச் செய்தால் எனக்குப் பாதி நாள் போய்விடும். உடலை வெட்டுவதும் நெக்கைச் செதுக்குவதும் எல்லா நாட்டிலும் கணினி இயந்திரம் செய்கிற வேலை. அதில் இந்தோனேசியாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் பெரிய தூரம் இல்லை. மனிதக் கை எத்தனை நிமிஷம் ஒரு கிட்டார் மேல் செலவாகிறது, அந்தக் கைக்கு அந்த ஊரில் என்ன கூலி, இந்த இரண்டும்தான் விலைச்சீட்டில் பெரிய பங்கு. ஸ்குவையர் இன்று பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகிறது. ஃபெண்டர் பிளேயர் 2 மெக்சிகோவின் என்செனாடாவில். ஃபெண்டரின் விலை கூடிய மாடலான அமெரிக்கன் புரொஃபஷனல் 2 கலிஃபோர்னியாவின் கொரோனாவில். இந்த இரண்டு ஊருக்கும் இடையே சில மணி நேரக் கார் பயணம்தான், ஆனால் நடுவில் எல்லைக்கோடு இருக்கிறது. அமெரிக்கச் சந்தையில் 2024-இல் பிளேயர் 2 வந்தபோது விலை சுமார் 800 டாலர். 2020-இல் வந்த அமெரிக்கன் புரொஃபஷனல் 2 அப்போதே சுமார் 1,500 டாலர். நம் ஊருக்கு வரும்போது வரியும் சரக்குக் கூலியும் அதன்மேல் ஏறும்.

"நகல்" என்று நண்பர்கள் சொன்னதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. ஸ்குவையர் ஃபெண்டரின் சொந்தப் பெயர். மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் கம்பி தயாரித்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் அது. 1965-இல் ஃபெண்டர் வாங்கியது. 1970-களில் ஃபெண்டரின் தரம் இறங்கியிருந்த சமயத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பழைய ஸ்ட்ராட்டைப் பார்த்துச் செய்த கிட்டார்கள் அதைவிட நன்றாக இருந்தன, விலையும் குறைவு. எதிர்த்து நிற்க வழி தேடிய ஃபெண்டர் 1982-இல் ஜப்பானிலேயே தயாரிக்கத் தொடங்கியது. மட்சுமோட்டோ நகரின் ஃபூஜிஜென் தொழிற்சாலையில் செய்து, விலை குறைந்தவற்றின் தலையில் ஸ்குவையர் என்று அந்தப் பழைய கம்பிக் கம்பெனியின் பெயரைப் போட்டது. "ஜேவி" என்று வரிசை எண் தொடங்கும் அந்த முதல் ஸ்குவையர்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அப்போதைய அமெரிக்க ஸ்ட்ராட்டைவிட அவை மேல் என்று சொல்லும் கிட்டார்காரர்கள் ஏராளம்.

ஸ்ட்ராட் பிறந்ததே தொழிற்சாலைக்காகத்தான். லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. 1954-இல் வந்த இந்த மாடலில் நெக் பசையால் ஒட்டப்படவில்லை, நான்கு திருகுகளில் நிற்கிறது. கெட்டுப்போன பாகத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம் என்பதுதான் அதன் அடிப்படையே. எரிக் கிளாப்டன் 1970-இல் நாஷ்வில் நகரத்தில் பழைய ஸ்ட்ராட்கள் சிலவற்றை மலிவாக வாங்கி, மூன்றிலிருந்து நல்ல பாகங்களாகப் பொறுக்கி ஒரு கிட்டாராகச் சேர்த்தார். 'பிளாக்கி' என்று பெயர் பெற்ற அந்தக் கிட்டார் 2004-இல் நியூயார்க் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. உங்கள் அஃபினிட்டியும் அதே குடும்பம்தான். அதன் கம்பி நீளமும் அதே 648 மில்லிமீட்டர்.

அப்படியானால் கூடுதல் விலைக்கு என்னதான் கிடைக்கிறது? நான் திறந்து பார்த்த வரையில் சொல்கிறேன்.

அஃபினிட்டியின் பிக்கப்பில் செராமிக் காந்தம் இருக்கிறது. இரும்புத் துண்டுகளை நிறுத்தி, அவற்றின் அடியில் ஒரு பட்டைக் காந்தத்தை ஒட்டியிருப்பார்கள். கிளாசிக் வைப்பிலும் பிளேயர் 2-விலும் அல்நிகோ. அங்கே அந்தத் துண்டுகளே காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம் அது. செராமிக் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பேசும். அல்நிகோவில் கம்பியை மெல்லத் தொட்டால் மென்மையாகவும் அழுத்தி அடித்தால் மணி மாதிரியும் கேட்கும். ஸ்ட்ராட் என்றதும் உங்கள் மனதில் ஒலிப்பது அநேகமாக இதுதான். காதுக்குத் தெரிகிற வித்தியாசம்தான், மறுக்கமாட்டேன். ஆனால் மூன்று அல்நிகோ பிக்கப் கொண்ட செட்டைத் தனியாகவே வாங்கிப் பொருத்தலாம். சாலிடரிங் இரும்பும் ஒரு மாலை நேரமும் போதும்.

அஃபினிட்டியின் உடல் வழக்கமான ஸ்ட்ராட்டைவிடச் சில மில்லிமீட்டர் மெலிந்தது. தோளுக்கு இதமாக இருக்கும். ஆனால் அதனால் பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் உலோகக் கட்டியும் குட்டையாகத்தான் இருக்க முடியும். பின்னாளில் "எஃகுக் கட்டி போட்டால் ஒலி நீளும்" என்று யாராவது சொல்லி முழு அளவு கட்டியை வாங்கிவிடாதீர்கள், பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். அமெரிக்கன் புரொஃபஷனல் 2-வில் அந்த எஃகுக் கட்டி வாங்கும்போதே இருக்கிறது. சுரம் நீளமாக நிற்பதைக் கை உணரும்.

நட்டில் ஒரு வேடிக்கை. கிளாசிக் வைப்பில் இருப்பது நிஜ எலும்பு. அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையுள்ள பிளேயர் 2-வில் செயற்கை எலும்பு. பட்டியலைப் படித்து முடிவெடுப்பவர் இங்கே ஏமாந்துபோவார். பள்ளம் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தால் செயற்கை எலும்பே நன்றாக வேலை செய்யும், அசிங்கமாக வெட்டினால் நிஜ எலும்பிலும் கம்பி சிக்கும்.

மரத்தைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அசைவைத்தான் பிக்கப் மின்சாரமாக மாற்றுகிறது, அது மைக் இல்லை. உடல் ஆல்டரா பாப்லரா என்பதற்கு என் கணக்கில் கடைசி இடம். விரல் பலகையைப் பற்றி மட்டும் ஒரு செய்தி சொல்ல ஆசை. 2017 ஜனவரியில் ஈட்டி (ரோஸ்வுட்) மர இனங்கள் எல்லாம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அதை ஒட்டி ஸ்குவையர் பல மாடல்களில் 'இந்தியன் லாரல்' என்ற மரத்துக்கு மாறியது. வேறொன்றும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிற கருமருதுதான். பிளேயர் 2-வில் ஈட்டி திரும்ப வந்துவிட்டது. இரண்டுக்கும் ஒலியில் வித்தியாசம் எனக்குக் கேட்டதில்லை. கருமருது சீக்கிரம் வறண்டு வெளுக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை துளி எண்ணெய் போதும்.

பிளேயர் 2-வில் நான் மனதார மெச்சுவது நெக். விரல் பலகையின் ஓரங்கள் பல வருஷம் வாசித்த கிட்டார்போல உருட்டிவிடப்பட்டிருக்கின்றன. ஃபிரெட் ஓரங்கள் சுத்தம். பத்து கிட்டாரை எடுத்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அஃபினிட்டியில் அப்படி இல்லை. அருமையான ஒன்றும் வரும், பக்கத்திலேயே பாடாவதியான ஒன்றும் வரும். பெட்டியைத் திறக்கும்போது எது வரும் என்ற கவலை குறைவது நல்ல விஷயம்தான், அதற்குக் காசு கொடுப்பதில் தவறில்லை.

போன வருஷம் ஒரே வாரத்தில் ஒரு அஃபினிட்டியும் ஒரு அமெரிக்கன் ஸ்ட்ராட்டும் என் மேஜைக்கு வந்தன. அமெரிக்கனைக் கொண்டுவந்தவர் வாங்கியதிலிருந்து செட்டப் (கம்பி உயரம், நெக் வளைவு போன்றவற்றைச் சரிசெய்வது) செய்ததே இல்லை. கம்பிகள் அவ்வளவு உயரத்தில் நின்றன. அஃபினிட்டிக்கு ஃபிரெட்டையும் நட்டையும் சரிசெய்து, அமெரிக்கனைத் தொடுவதற்கு முன் இரண்டையும் வாசித்துப் பார்த்தேன். அஃபினிட்டியைத்தான் கீழே வைக்க மனம் வரவில்லை. அப்புறம் அமெரிக்கனையும் செட்டப் செய்தேன். அது எழுந்து நின்றது! அதன் நெக்கும், எல்லாக் குமிழும் சீராகத் திரும்புகிற விதமும், வால்யூமைக் குறைத்தாலும் மங்காத ஒலியும் வேறு தரம். வாரத்தில் நான்கு நாள் மேடை ஏறிப் பிழைப்பவர் கேட்டிருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு என் தீர்ப்பு இது. கிளாசிக் வைப் வேண்டாம். அது மட்டம் என்று சொல்லவில்லை. கையில் கிட்டாரே இல்லாத ஒருவர் கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன், இந்த வரிசையிலேயே காசுக்கு அதிகம் கொடுப்பது அதுதான். ஆனால் நல்ல செட்டப் செய்து பிக்கப் மாற்றிய அஃபினிட்டி அதன் பக்கத்தில் வந்துவிடும். கிட்டத்தட்ட அதே இடத்தில் போய் நிற்க 50,000 ரூபாய் எதற்கு? முதலில் ஃபிரெட், நட், செட்டப் வேலையை முடியுங்கள். பெடல் வாங்குங்கள். இரண்டும் சேர்த்தாலும் 25,000 தாண்டக் கூடாது. மூன்று மாதம் வாசியுங்கள். அதற்குப் பிறகும் நெக் உங்கள் கையோடு சேரவில்லை, மனம் வேறொன்றைக் கேட்கிறது என்றால், மிச்சம் இருக்கும் 60,000-ஐ வைத்துப் பழைய பிளேயர் ஒன்றைத் தேடுங்கள், அல்லது இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புது பிளேயர் 2-வுக்குப் போங்கள். அஃபினிட்டியின் நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் இந்தத் திட்டம் செல்லாது. அடிப்பக்கத்திலிருந்து தலையை நோக்கி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நட்டின் கோடும் கடைசி ஃபிரெட்டின் கோடும் இணையாக இல்லை என்றால் அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

பழையது வாங்கும்போது ஜாக்கிரதை. ஸ்குவையரின் தலையைத் தேய்த்து ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டி விற்பது நடக்கிறது. சமீப வருஷங்களின் மெக்சிகோ ஃபெண்டரில் வரிசை எண் எம், எக்ஸ் என்ற எழுத்துகளில் தொடங்கும், அமெரிக்கனில் யு, எஸ். எண்ணை மட்டும் நம்பாமல் உடலின் தடிமனை அளந்து பாருங்கள்: 44, 45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், மெலிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். விற்பவர் பிக்கார்ட் என்ற முன்பக்கத் தகட்டைத் திறக்கச் சம்மதிக்கவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கடல் காற்று உங்கள் ஊரின் இன்னொரு எதிரி. எந்த விலைக் கிட்டாரானாலும் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) திருகுகள் உப்பில் துருப்பிடிக்கும், அஃபினிட்டியில் கொஞ்சம் சீக்கிரம். வாசித்து முடித்ததும் கம்பியையும் பிரிட்ஜையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். உறையில் இரண்டு சிலிக்கா ஜெல் பை போடுங்கள். பூச்சுள்ள கம்பிகள் விலை அதிகம்தான், ஆனால் தூத்துக்குடியில் அவை காசை மிச்சப்படுத்தும்.

மதுரைக்கு என் பட்டறைக்குக் கொண்டுவருவதாக இருந்தால் பஸ்ஸில் வரும்போது கம்பிகளை மொத்தமாகத் தளர்த்த வேண்டாம், ஒரு சுரம் இறக்கினால் போதும். கிட்டாரை மட்டும் கொண்டுவராதீர்கள். கோயிலில் வாசிக்கிற அதே கேபிளையும் எடுத்து வாருங்கள், அதையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.